என்எஃப்எல் டிராஃப்டைக் கணிக்க ஒரு மாடல்: எந்த வழியில் போகலாம்?

புள்ளியியல் படிக்கிற மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து, செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டை எடுத்துக்கொண்டால் முதல் நாள் பேச்சு எங்கே தொடங்கும் என்று எனக்குத் தெரியும். ரேண்டம் ஃபாரஸ்டா, எக்ஸ்ஜிபூஸ்டா, நியூரல் நெட்வொர்க்கா? இப்படிப்பட்ட ப்ராஜெக்டுகளுக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறேன். அந்தப் பேச்சு ஒரு வாரத்தைத் தின்றுவிடும். கடைசியில் வேலை உருப்பட்டதா இல்லையா என்பதை அது தீர்மானித்து நான் பார்த்ததில்லை. அதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டிய மூன்று முடிவுகள் இருக்கின்றன. எதை வெற்றி என்று சொல்லப்போகிறோம்? எந்த ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளப்போகிறோம்? டிராஃப்டில் ஒருவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்ற எண்ணை மாடலுக்குள் விடுவதா, வேண்டாமா? மாடலின் வகை இதற்கெல்லாம் அப்புறம்தான்.

டிராஃப்ட் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் வரிசையாக எடுத்துக்கொள்கிறார்கள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2024-ல் மொத்தம் 257 பேர் எடுக்கப்பட்டார்கள். ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே விலை கேட்டு ஏற்றுவது கிடையாது. 2011-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதே அவருடைய நான்கு வருடச் சம்பளத்தைக் கிட்டத்தட்ட முடிவு செய்துவிடுகிறது. 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர். அடுத்த வருடமே முதல் ஆளாகப் போன கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. அன்றிலிருந்து, நல்ல ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்கும் அணிக்கு அவர் நான்கு வருடம் மலிவாகக் கிடைக்கிறார். இந்தக் கணிப்புக்கு இவ்வளவு மதிப்பு வந்தது அதனால்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரை அடுத்தடுத்து எடுத்திருக்கிறார்கள். முன்னால் எடுக்கப்பட்டவர் உண்மையிலேயே மேலானவராக அமைந்தது எத்தனை முறை? 52% அளவில்தான். கல்லூரி ஆட்டக்காரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகள், பயிற்சியாளர்கள், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் தாண்டி வந்த எண் இது. உங்கள் மாடலிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

வெற்றி என்று எதைச் சொல்வது?

நான்கு வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. முதலாவது, நட்சத்திரங்களுக்கான புரோ பௌல் ஆட்டத்துக்குத் தேர்வானாரா என்று பார்ப்பது. மாணவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆம், இல்லை என்று பதில் தெளிவாக இருக்கிறதே என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். 2022 சீசனில் டைலர் ஹண்ட்லி என்ற குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) மாற்று ஆளாகப் புரோ பௌலுக்குப் போனார். அந்த சீசனில் அவர் முதல் ஆளாக இறங்கியது நான்கு ஆட்டம், வீசிய டச்டவுன், அதாவது கோல் மாதிரியான ஸ்கோர், இரண்டு. முன்னால் இருந்தவர்கள் வரமுடியாமல் விலக, பட்டியல் கீழே கீழே இறங்கி அவரிடம் வந்து சேர்ந்தது. ரசிகர் வாக்கும் விலகல்களும் கலந்த ஒரு பட்டியலை வைத்துத் திறமையை அளக்க முடியாது.

இரண்டாவது வழி ஏவி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அப்ராக்சிமேட் வேல்யூ. ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தைத் தொடங்கிய டக் டிரைனன் உருவாக்கிய அளவு இது. எந்த இடத்தில் ஆடுகிறவராக இருந்தாலும் ஒரு சீசனுக்கு ஒரு எண் கிடைக்கும். இதில் பெரிய வசதி இருக்கிறது. தடுப்பு வரிசையில் நிற்கும் லைன்மேனுக்கு முன்னேறிய தூரமாக எண்ணப்படும் யார்டு கிடையாது, டச்டவுன் கிடையாது. வழக்கமான புள்ளிவிவரங்கள் அவரைத் தொடாது, ஏவி தொடும். 2011-ல் ஹார்வர்டு மாணவர் குழு ஒன்று, டிராஃப்ட் இடங்களின் மதிப்புக்கு ஒரு மாற்று அட்டவணை போட்டபோது இதைத்தான் அடிப்படையாக வைத்தது.

ஆனால் ஏவி எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். அணி மொத்தமாக என்ன சாதித்ததோ அதை ஆடியவர்களுக்குப் பங்கு பிரிக்கிறது. நல்ல அணியில் சுமாராக ஆடிய ஒருவர், மோசமான அணியில் நன்றாக ஆடியவரை முந்திவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், எத்தனை ஆட்டங்களில் முதல் ஆளாக இறக்கப்பட்டார் என்பதும் அதில் சேர்கிறது. முதல் சுற்றில் எடுத்த ஆளை ஒரு அணி அவ்வளவு சீக்கிரம் உட்கார வைக்காது. எடுத்தது தப்பு என்று யார்தான் உடனே ஒப்புக்கொள்வார்கள்? ஆறாம் சுற்று ஆள் ஒரு மோசமான மாதத்தில் வெளியே போய்விடுவார். ஆகவே ஏவியைக் கணிக்கும் மாடல் கொஞ்சம் திறமையைக் கணிக்கிறது, கொஞ்சம் கிடைக்கப்போகிற வாய்ப்பைக் கணிக்கிறது. இரண்டையும் பிரித்து எடுக்க அந்த எண்ணுக்குள் வழி இல்லை.

ஏவியின் பரவலும் சங்கடமானது. பூஜ்யத்தை ஒட்டி ஒரு பெரிய குவியல், அப்புறம் நீண்ட வால். அந்த வாலின் நுனியில் 2000-ல் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு ஏழு சூப்பர் பௌல் (லீகின் இறுதிப்போட்டி) வென்ற டாம் பிரேடி நிற்கிறார். சாதாரண லீனியர் ரிக்ரஷனில் அவர் ஒருவரே கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். மடக்கை எடுத்தால் ஓரளவு சரியாகும். இல்லையென்றால் ‘ஆடினாரா’ என்று ஒரு படி, ‘ஆடினால் எவ்வளவு’ என்று இரண்டாவது படி வைக்கலாம்.

மூன்றாவது வழி, முதல் மூன்று சீசன் புள்ளிவிவரத்தை நேரடியாக எடுப்பது. கணக்கு எளிது. ஆனால் 2005-ல் 24-ஆவதாக வந்த ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று சீசன் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேட்ரிக் மஹோம்ஸ் 2017-ல் களமிறங்கியது ஒரே ஆட்டம். குவார்ட்டர்பேக்குக்கு இந்த வழி ஆகாது. வீசிய பந்தைப் பிடிக்கிற ரிசீவருக்குப் பரவாயில்லை, ஆனால் பந்து வீசுகிறவர் யார் என்பது எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் பரிந்துரைப்பது நான்காவதை: ரூக்கி ஒப்பந்தம், அதாவது அந்த முதல் நான்கு வருட ஒப்பந்தம், முடிகிற தறுவாயில் அவருக்கு எவ்வளவு பெரிய இரண்டாவது ஒப்பந்தம் கிடைத்தது? நான்கு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் எதிர் அணியிலிருந்து வீடியோ பார்த்தவர்களும் சொந்தப் பணத்தை வைத்துச் சொல்லும் தீர்ப்பு அது. நல்ல அணி, மோசமான அணி, காயம், வயது எல்லாவற்றையும் அவர்களே கழித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார்கள்.

இதில் இரண்டு கவனம் வேண்டும். டாலர் தொகையை அப்படியே எடுக்கக் கூடாது. 2011-ல் அணிக்கான சம்பள உச்சவரம்பு 12 கோடி டாலர், 2024-ல் 25.5 கோடிக்கு மேல். ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி, கையெழுத்தான வருடத்து உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, முதல் சுற்று ஆட்களை ஐந்தாவது வருடமும் பிடித்து வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. அதனால் எல்லோருக்கும் நான்கு வருடக் கெடு வைத்தால் முதல் சுற்று ஆட்கள் அநியாயமாகத் தோற்றவர்கள் ஆகிவிடுவார்கள். ஐந்து சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்குவதற்குள் என்று கெடு வையுங்கள்.

இந்த வழிக்கும் குறை உண்டு. 2017-ல் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட ரிசீவர் கென்னி காலடேக்கு 2021-ல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் நான்கு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் கொடுத்தது. அங்கே இரண்டு சீசனில் அவர் பிடித்த டச்டவுன் ஒன்றே ஒன்று. என் அளவுகோலில் அவர் வெற்றி பெற்றவர்தான். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். டிராஃப்டில் எடுத்த டெட்ராய்ட் அணிக்கு அவர் உண்மையிலேயே ஆடிக் கொடுத்தார். அதற்கு அப்புறம் நடந்தது டிராஃப்ட் கேள்வி இல்லை.

யாரை எடுத்துக்கொள்வது?

எல்லா இடங்களையும் ஒரே மாடலில் போட்டால் தரவு நிறையக் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் தடுப்பு வரிசையில் கார்டாக நிற்பவருக்குப் பலமாக இருக்கிற எடை, ரிசீவரைத் துரத்தித் தடுக்கும் கார்னர்பேக்குக்குப் பாரம். ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு இடத்தில் வேறு பொருள் தருகிறது. அந்த ஊடாட்டங்களை எல்லாம் சேர்த்தால், நிறைய இருந்த தரவு மறுபடியும் சின்னச் சின்னத் துண்டாகிவிடும்.

குவார்ட்டர்பேக் எல்லோரையும் இழுக்கும். பெயரும் புகழும் அங்கேதான். ஆனால் ஒரு டிராஃப்டில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் எடுக்கப்படுகிறார்கள். பன்னிரண்டு வருடம் சேர்த்தாலும் 130 பேரைத் தாண்டுவது கஷ்டம். அதில் நிலைத்து நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். டேவிட் லூயின் என்பவர் போட்ட பழைய கணிப்பு முறை, கல்லூரியில் எத்தனை ஆட்டத்தில் முதல் ஆளாக இறங்கினார், எத்தனை சதவீதம் பாஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற இரண்டை முக்கியமாக எடுத்துக்கொண்டது. அதுவும் மேல் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும். அந்த எல்லையை அவர் சொல்லி வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்கவுட்டுகள் ஏற்கெனவே வடிகட்டிய கூட்டத்துக்குள் மட்டும் அந்த எண்கள் பேசும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியும் 2018-ல் வையோமிங் பல்கலைக்கழகத்திலிருந்து பாஸ்களில் 56% மட்டுமே கைக்குப் போய்ச் சேர்ந்த நிலையில் வந்த ஜாஷ் ஆலனை ஏழாவதாக எடுத்தார்கள். 2024 சீசனில் அவர் லீகின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர். 130 பேர் இருக்கும் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் போதும், உங்கள் குணகம் ஆடிப்போகும்.

பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கும் வேண்டாம். தேய்மானம் அதிகமான இடம் என்பதால் நன்றாக ஆடியவர்களுக்கே அணிகள் இரண்டாவது ஒப்பந்தத்தில் கையைச் சுருக்குகின்றன. நாம் தேர்ந்தெடுத்த அளவுகோல் அங்கே பொய் சொல்லும்.

அதனால் ரிசீவர்கள். வருடத்துக்கு 30 பேரை ஒட்டி எடுக்கப்படுகிறார்கள். கல்லூரியில் அவர்களுக்கு எண்ணிச் சொல்லக்கூடிய புள்ளிவிவரம் இருக்கிறது. இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் சோதனையில் ஓட்டம், தாண்டல், எடை எல்லாம் அளக்கிறார்கள். கல்லூரிப் புள்ளிவிவரம் தவிர மற்றவற்றை என்எஃப்எல்வெர்ஸ் குழுவின் ஆர் (R) நிரல்மொழித் தொகுப்புகள் இலவசமாகத் தருகின்றன: டிராஃப்ட் வரிசை, கம்பைன் அளவுகள், ஓவர் தி கேப் தளத்தின் ஒப்பந்த விவரம் வரை. மாணவர்கள் தரவு தேடி ஒரு மாதம் அலைய வேண்டியதில்லை.

வரிசை எண்ணை உள்ளே விடுவதா?

எனக்கு இந்த ப்ராஜெக்டிலேயே மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இங்கேதான் மாணவர்கள் உண்மையான புள்ளியியலைக் கற்றுக்கொள்கிறார்கள் என்றும் நினைக்கிறேன்.

வரிசை எண்ணைச் சேர்த்தால் அது ஒன்றே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஸ்கவுட்டுகள் பார்த்தது, கேட்டது, மருத்துவர் சொன்னது எல்லாம் அந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. அப்புறம் உங்கள் மாடல் 32 அணிகளின் கருத்தைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை. சேர்க்காவிட்டால்? உங்களிடம் இருக்கும் ஏழெட்டு எண்களை வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மணி நேரம் வீடியோ பார்த்தவர்களோடு போட்டி போடுகிறீர்கள். இரண்டு பக்கமும் மாணவர்கள் பிடிவாதமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வரிசை எண் ஏமாற்று வேலை என்று ஒரு கட்சி, இருக்கிற தகவலை ஏன் விடணும் என்று ஒரு கட்சி.

எண்ணைச் சேர்க்காத கட்சி ஒரு குழியைக் கவனிப்பதில்லை. தரவில் இருப்பவர்கள் எல்லோரும் எடுக்கப்பட்டவர்கள். எடுக்கப்பட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். மெதுவாக ஓடுகிற ஒருவர் எடுக்கப்பட்டிருக்கிறார் என்றால், வேறு ஏதோ ஒன்றில் அவர் அபாரமாக இருந்திருக்கிறார் என்று பொருள். கையாக இருக்கலாம், வழித்தடம் போடும் நேர்த்தியாக இருக்கலாம். வேகமாக ஓடுகிறவரோ வேறு எதுவும் பெரிதாக இல்லாமலேயே வேகத்தைக் காட்டி உள்ளே வந்திருக்கலாம். இந்தக் கூட்டத்துக்குள் மட்டும் பார்த்தால், வேகத்துக்கும் வெற்றிக்கும் தொடர்பே இல்லாதது போலவோ, தலைகீழாக இருப்பது போலவோ தெரியும். உடனே ஒரு மாணவர் ‘வேகம் முக்கியமில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடுவார். தெருவில் போகிறவரை இழுத்துக்கொண்டு வந்து ரிசீவராக நிறுத்தினால் வேகம் முக்கியமா இல்லையா என்பது தெரியும். வாசலில் வடிகட்டி வைத்த கூட்டத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ராஸ் கம்பைனில் 40 யார்டை 4.22 வினாடியில் ஓடினார். அப்போது அது சாதனை. சின்சினாட்டி அவரை ஒன்பதாவதாக எடுத்தது. அங்கிருந்த நான்கு வருடத்தில் ஒரு சீசனில்கூட அவர் 600 யார்டை எட்டவில்லை. அதே வருடம் 4.62 வினாடி ஓடிய கூப்பர் கப், ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்து 69-ஆவதாகப் போனார். 2021 சீசனில் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன். மூன்றிலும் லீகில் முதலிடம், கடைசியில் சூப்பர் பௌல் எம்விபியும் அவர்தான். இந்த இரண்டு பேரை மட்டும் வைத்து ஓட்ட வேகத்தைத் தூக்கி எறிய யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் 4.62 ஓடி, கைத்திறமையும் இல்லாமல், டிராஃப்ட் பக்கமே வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் கோப்பில் இல்லை.

இதே குழி பெரிய ஆய்வாளர்களையும் இழுத்திருக்கிறது. டேவிட் பெரி, ராப் சிம்மன்ஸ் இருவரும் 2011-ல் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி எழுதினார்கள். ஒரு ஆட்ட முயற்சிக்கு எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்று பார்த்தால், டிராஃப்ட் வரிசைக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம். மறுத்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: ஆறாம் சுற்று ஆள் களத்தில் இறங்கியதே அவர் நன்றாக ஆடுவார் என்று தெரிந்த பிறகுதானே? இறங்காமல் போன மற்றவர்கள் அந்தச் சராசரியில் எங்கே? அந்த விவாதத்தை மாணவர்கள் இரு பக்கமும் நின்று ஒரு முறை பேசிப் பார்த்தாலே போதும், பாதிப் பாடம் முடிந்தது.

அப்படியானால் என் முடிவு? இரண்டு மாடல். முதலாவதில் வரிசை எண்ணின் மடக்கை மட்டும், வேறு எதுவும் வேண்டாம். அதுதான் உங்கள் தரைமட்டம். இரண்டாவதில் அதோடு உங்கள் தகவல்களையும் சேருங்கள். கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: ஒரே இடத்தில் எடுக்கப்பட்ட இரண்டு பேரில், அணிகள் போதுமான அளவு கவனிக்காத எது ஒருவரை மேலே கொண்டுபோகிறது? இந்தக் கேள்வி சின்னதுதான், ஆனால் பதில் கிடைக்கக்கூடியது. ஒரு அணியின் அறையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதுதான் தேவை. அவர் கையில் ஸ்கவுட் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், விடுபட்ட எண்கள். 2024-ல் மார்வின் ஹாரிசன் ஜூனியர் கம்பைனில் ஓடவே இல்லை. கல்லூரி வளாகத்தில் நடந்த சோதனையிலும் 40 யார்டு ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, நான்காவதாகப் போனார். அவரைப் போன்றவர்களின் தரவு வரிசையை நீக்கினால் மேல்தட்டு ஆட்களை நீக்குகிறீர்கள். சராசரி வேகத்தைப் போட்டு நிரப்பினால் ஒரு கதையைக் கட்டுகிறீர்கள். ‘ஓடவில்லை’ என்பதையே ஒரு தகவலாக, தனி நெடுவரிசையாக வையுங்கள். 2021-ல் தொற்றுநோயால் கம்பைன் களச் சோதனைகளே நடக்கவில்லை. அந்த வருடத்து எண்கள் எல்லாம் கல்லூரிகளில் எடுத்தவை. அதற்கும் ஒரு குறி வேண்டும்.

இப்போது மாடல் வகை

பன்னிரண்டு வருடம், வருடத்துக்கு 30 ரிசீவர் என்றால் 360 பேர். உச்சவரம்புச் சதவீதத்தில் ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டியவரே வெற்றி என்போம்; ஐந்தில் ஒருவர் அப்படி வெற்றி பெறுகிறார் என்று வைத்துக்கொண்டால் 72 வெற்றிகள். பத்து வெற்றிக்கு ஒரு மாறி என்ற பழைய விதியின்படி ஏழு மாறிக்குத்தான் இடம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டால் நியூரல் நெட்வொர்க் பேச்சு தானாக நின்றுவிடும்.

ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் இரண்டும் வளைவுகளையும் ஊடாட்டங்களையும் தாமாகவே கண்டுபிடிக்கும். பல்லாயிரம் வரிசை இருக்கும் இடத்தில் அவற்றை நான் தயங்காமல் எடுப்பேன். 360 வரிசையில் அவை கண்டுபிடிப்பதில் பாதி தற்செயல். முடிவில் ‘ஏன்’ என்று கேட்டால் மாணவர்களால் ஒரு பட்டைப்படத்தைத்தான் காட்ட முடியும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை ஓட்டுங்கள். ஆம், இல்லை வாய்ப்பைக் கணிக்கும் எளிய லாஜிஸ்டிக் ரிக்ரஷனை அது பெரிதாக முந்தினால், நீங்கள் விட்டுவிட்ட ஒரு வளைவு அங்கே இருக்கிறது என்று அர்த்தம்; அதைத் தேடுங்கள்.

சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷனை விட, குணகங்களை அடக்கி வைக்கும் ரிட்ஜ் வகை மேல். அதையும் விட எனக்குப் பிடித்தது பேயீசியன் படிநிலை மாடல். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், கப் வந்தது போன்ற சிறிய பிரிவுக் கல்லூரிகளில். அங்கிருந்து எடுக்கப்பட்ட ரிசீவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவர் நட்சத்திரமாகிவிட்டால், தனிக் குணகம் வைத்த மாடல் அந்தப் பிரிவையே தங்கச் சுரங்கம் என்று சொல்லும். படிநிலை மாடல், ஆட்கள் குறைவான குழுவைப் பொதுச் சராசரியை நோக்கி இழுத்து வைக்கும். நிறையப் பேர் இருக்கும் குழுவை அதன் போக்கில் விடும். கூடவே, ‘இவருக்கு 30%’ என்று ஒற்றை எண்ணைச் சொல்லாமல் எங்கிருந்து எங்கே வரை என்று சொல்லும். அதற்கான ஸ்டான் மென்பொருளைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரம் இல்லாத குழு ரிட்ஜோடு நின்றாலும் குறை சொல்லமாட்டேன்.

ஏழு மாறி எவை என்று கேட்டால்: வரிசை எண், டிராஃப்ட் அன்றைய வயது, கல்லூரியில் சிறந்த சீசனில் அணியின் மொத்த ரிசீவிங் யார்டில் அவர் பங்கு, நான்காம் ஆண்டுக்கு முன்பே கல்லூரியை விட்டு வந்தாரா, எடை, 40 யார்டு, கல்லூரிப் பிரிவு. யார்டை அப்படியே எடுக்காமல் பங்காக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆட்டத்துக்கு ஐம்பது முறை பந்து வீசும் அணியில் யாருக்கும் யார்டு குவியும். அந்த அணியில் தன் பக்கம் பந்தை எவ்வளவு இழுத்தார் என்பதுதான் ஆளைப் பற்றிச் சொல்கிறது. வயது நல்ல மாறி. பதினெட்டு வயதுப் பையன்களை இருபத்திரண்டு வயதில் மிரட்டுவது பெரிய விஷயமில்லை. ஆனால் கப் 23 வயதில் எடுக்கப்பட்டவர் என்பதையும் நினைவில் வையுங்கள். வயது அவருக்கு எதிராகத்தான் வாக்களித்திருக்கும்.

சோதனை

தரவைக் குலுக்கி ஐந்து பங்காகப் பிரிக்காதீர்கள். 2019 ஆட்களைப் பார்த்து 2013-ஐக் கணிக்கும் வாய்ப்பு எந்த அணிக்கும் இல்லை. 2005 முதல் 2016 வரை கற்றுக்கொடுத்து, 2017-லிருந்து சோதியுங்கள். ஐந்து சீசன் முடியாத அண்மை வருடங்களை வெளியே வையுங்கள். ‘எத்தனை சதவீதம் சரி’ என்பதை அறிக்கையில் எழுத வேண்டாம். ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார் என்றால், எல்லோரும் தோற்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கே 80% கிடைத்துவிடும். பிரையர் (Brier) மதிப்பெண்ணைப் போடுங்கள் (மாடல் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கச் சராசரி), வரிசை எண் மட்டும் உள்ள மாடலின் மதிப்பெண்ணைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் நான்கு பேரின் செமஸ்டர் உழைப்பு. அது சிறியதாக இருக்கும். அதைச் சிறியது என்றே எழுதுங்கள்.

சோதனை வருடமாக 2017-ஐ வைத்ததற்கு எனக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அந்த வருடம் ரிசீவர்களில் கோரி டேவிஸ் ஐந்தாவது, மைக் வில்லியம்ஸ் ஏழாவது, ராஸ் ஒன்பதாவது. ஜூஜூ ஸ்மித்-ஷுஸ்டர் 62, கப் 69, கிரிஸ் காட்வின் 84, காலடே 96. கப்பை உச்சியில் வைக்கிற மாடல் ஒன்றை யாராவது கொண்டுவந்தால், முதலில் அவர்கள் கோப்பைத் திறந்து, 2017-க்குப் பிந்தைய தகவல் எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நேர்மையான மாடல் இந்த ஏழு பேரையும் ஏறக்குறைய டிராஃப்ட் வரிசையிலேயே வைக்கும். ராஸுக்குத் தரைமட்ட மாடல் கொடுத்த வாய்ப்பை அது கொஞ்சம் குறைத்து, ஜூஜூவுக்கு 20 வயது என்பதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் கூட்டியிருந்தால், நான் அந்தக் குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.